களம்பூர் பஸ்ஸில் ஒரு ரப்பர் ஹாரன்

என் மாமனார் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பாவுக்குள் ஸ்கூட்டரை விட்டார். ஆனால் ஆரணியில் ஒரு முறையே அதிகம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். பட்டுச் சேலையில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவோடு தெருவாக நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். தொய்யாமல் இருக்க நடுநடுவே கவட்டைக் குச்சிகளை நிறுத்துவார்கள். பிறகு கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, கோதிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டிய வேலை. அந்த நேரத்தில் எங்கள் தெருவுக்குள் வண்டியில் வருகிறவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் இறங்கிச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். எழுதிவைக்காத சட்டம் அது. அந்தச் சட்டத்துக்கு எங்கள் தெருவில் போலீஸ்காரர் என் மாமனார்தான். ஜீப்பில் வந்த ஒரு அதிகாரியைத் தெருமுனை வரைக்கும் ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போகவைத்தவர் அவர். அந்த அதிகாரி பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

அப்பேர்ப்பட்டவர், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையில், எதிர்வீட்டுக்காரர் இழுத்துக் கட்டியிருந்த பாவுக்குள் ஸ்கூட்டரோடு புகுந்துவிட்டார்.

நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கவட்டைக் குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. மாமா மெதுவாக, ஏதோ படுக்கையில் சாய்வதுபோல, பாவின் மேலேயே விழுந்தார். சக்கரத்தில் பட்டு இழை சுற்றிக்கொண்டு வண்டி தானாக நின்றது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார். “அடி கிடி பட்டுச்சாண்ணா?” என்று மட்டும்தான் கேட்டார். பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெருவே வந்து நின்றது. யாரும் திட்டவில்லை. ஒரு வசவு விழுந்திருந்தால் மாமா பதிலுக்கு நாலு சொல்லிவிட்டுத் தேறியிருப்பார். அந்த மௌனம்தான் அவரை அடித்துப் போட்டது.

உச்சிவேளை வரைக்கும் நாலு பெண்கள் தரையில் உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். மாமாவால் இழை முடிய முடியாது. கண் போதாது. பாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் அப்படியே நின்றார். உள்ளே வரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிட எனக்கே மனசு வரவில்லை.

வேலூரில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, பக்கவாட்டில் இருப்பதுதான் தெரியவில்லை என்றார். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறாராம். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருப்பது நிற்கும், வண்டி மட்டும் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும், “சின்னப் பையன். அவனுக்கு இன்னா தெரியும்?” என்றார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் கணவர் மின்சார ஆபீசில் இருந்தார். நான் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். டாக்டரிடம் போய்வந்த அன்று கணவர் கத்து கத்தென்று கத்திவிட்டு ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த ஸ்கூட்டரின் பூட்டு தேய்ந்துபோய் எத்தனையோ வருஷம் ஆகிறது. என் டிரங்குப் பெட்டிச் சாவியைப் போட்டாலும் திறக்கும். இது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெற்ற மகனுக்குத்தான் தெரியவில்லை.

அந்த வண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். இருபது வருஷத்து ஸ்கூட்டர். பச்சை நிறம் என்பது அதன் ஆர்.சி. புத்தகத்தில் மட்டும்தான் மிச்சம். அதன் சொந்த ஹாரன் எப்போதோ வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பதிலாக மாமா ஒரு ரப்பர் ஹாரனை வாங்கி ஹேண்டிலில் முடுக்கியிருந்தார். சைக்கிள் ரிக்‌ஷாவில் இருக்குமே, பித்தளைக் குழலும் கறுப்பு ரப்பர் பந்தும், அதுதான். ரப்பரில் ஒரு கீறல் விழுந்திருந்ததால் “பாம்” என்று அடித்து முடித்ததும் “ஈ” என்று ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இழுப்பை வைத்தே தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், மாமா வருகிறார் என்று.

சாவியை ஒளிப்பதால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். சிக்கல் சாவியில் இல்லை, சனிக்கிழமையில் இருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமா களம்பூருக்குப் போவார். ரயில் பிடிக்கவேண்டுமானால் ஆரணிக்காரர்கள் போகும் ஊர் அது. மாமா போனது ரயிலுக்கு இல்லை, அக்காவுக்கு. அவருக்கு நடை பழகும் முன்பே அம்மா இறந்துவிட்டாள். அந்த அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகிக் களம்பூருக்குப் போனபோது, பொட்டிப் படுக்கையோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு போனவள். எனக்கு அவர் பெரியத்தை. அவருக்கு வாதம் அடித்து வலது பக்கம் முழுக்க விழுந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் ரைஸ் மில் வேலைக்குப் போய்விடுவார். மருமகள்தான் பார்த்துக்கொண்டாள். “மாமாவைப் பாத்தாத்தான் சனிக்கிழம சோறு எறங்குது” என்று அவள் என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

ஸ்கூட்டர் நின்றால் சனிக்கிழமை நின்றுவிடும், சனிக்கிழமை நின்றால் அந்தக் கட்டிலில் கிடப்பவர் சாப்பாட்டை நிறுத்திவிடுவார் என்றுதான் நான் பயந்தேன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். டீச்சர் புத்தி, வேறென்ன. அறுபத்தெட்டு வயசு மனுஷருக்கு பஸ்ஸில் போகப் பாடம் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

“பஸ்ஸா?” என்றார் மாமா. அவரை மாட்டுத் தொழுவத்தில் படுக்கச் சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

“பஸ்ஸுதான் மாமா. ஊர்ல எல்லாரும் அதுலதான போறாங்க.”

“எல்லாரும் போறாங்க. நேரத்துக்கா போறாங்க?”

சரி, நானும் கூட வருகிறேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவரை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். களம்பூர் பஸ் வந்ததும் கூட்டம் ஓடியது. மாமா ஓடவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் பையோடு, பஸ் தன்னிடம் வந்து நிற்கட்டும் என்பதுபோல வேப்பமரத்தடியிலேயே நின்றார். பஸ் போயே போய்விட்டது. “பாத்தியா? நம்மள மதிக்கலயே அவன்” என்றார். அடுத்ததற்கு நான் முன்னால் ஓடி ஜன்னலோர சீட்டில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்தேன். வெட்கத்தை விட்டு ஓடினேன். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அவள் அம்மாவோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்தாரே தவிர, பஸ்ஸில் போனார் என்று சொல்ல முடியாது. ஓட்டிக்கொண்டுதான் போனார். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த இடது கை தானாகக் கியரைத் திருகியது. வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி மிதித்தது. எதிரே நெல்லு லாரி வந்தபோதெல்லாம் கண்டக்டரைப் பார்த்து, “ஏம்பா, டிரைவரு பாக்கறாரா இல்லியா?” என்று கேட்டார். நாலாவது தடவை கண்டக்டர், “பெரியவரே, அவரும் ஊடு போயி சேரணும்னுதான் ஓட்டறாரு” என்றார். பஸ்ஸே சிரித்தது. மாமாவும் கடைசியில் கொஞ்சம் சிரித்துவிட்டார். அப்பாடா, வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு கர்வம்.

பெரியத்தையின் வீடு பஸ் போகும் ரோட்டிலேயே, ரைஸ் மில்லைத் தாண்டி இருந்தது. ஸ்டாப்பில் இறங்கி ஒரு நூறடி திரும்பி நடக்கவேண்டும். நடந்து போய்க் கதவைத் தள்ளினோம்.

பெரியத்தை படுத்திருந்தார். தலை அவிழ்ந்து கிடந்தது. வாயோரம் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே சட்டி. எங்களைப் பார்த்ததும் அந்த முகம் சுருங்கிப்போனது. நல்ல கையால் புடவையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். “சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறியேடா! போடா வெளிய!” என்று குழறிக் குழறி அழுதார். மருமகள் கொல்லைப்புறத்திலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். மாமா வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கியர் மாற்றவில்லை, பிரேக் போடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேஜார்தான். வேளாவேளைக்குத் தட்டின் முன் உட்கார்ந்து எழுந்து போவார். கணவர், “ரெண்டு நாள்ல சரியாயிடுவாரு” என்றார். ஆண்கள் எதற்கும் இரண்டு நாள் கணக்குதான் வைத்திருக்கிறார்கள்.

மறு சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

“வழி வுடுமா.”

“வுடமாட்டேன் மாமா.”

“ஜல்தியா போயிட்டு வந்துடறேன். தெருவ தாண்டற வரைக்கும் தள்ளிகினுதான் போவேன்.”

எனக்குக் கோபம் என்றால் நாக்கு நிற்காது. “தெருவ தாண்டினா மட்டும் கண்ணு வந்துடுமா? அன்னிக்கு பாவு, அறுந்தத முடிஞ்சாங்க. இன்னொரு நாள் ஒரு புள்ள வந்து வுழுந்தா அத யாரு முடியறது?” என்று கேட்டுவிட்டேன். மாமனாரிடம் பேசுகிற பேச்சா அது?

அவர் கோபப்படவில்லை. ஸ்கூட்டர் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “அது எனக்கு தெரியாதாமா? ஓட்டணும்னு எனக்கு ஒண்ணும் ஆசயில்ல. பஸ்ல போனா நான் வர்றது அவளுக்கு எப்படி தெரியும், சொல்லு.”

அப்புறம்தான் எல்லாம் சொன்னார். ரைஸ் மில் முனையிலேயே இரண்டு தடவை ஹாரன் அடித்துவிடுவாராம். அது கேட்டதும் மருமகள் ஓடிவந்து பெரியத்தையைத் தூக்கி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முகம் துடைத்து, தலை வாரி, தோளில் ஒரு பட்டுப்புடவையைப் போர்த்திவிடுவாளாம். அரக்குப் பட்டு. மாமாவே தறியில் உட்கார்ந்து அக்காவுக்காக நெய்தது. அதுவரைக்கும் இவர் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துகிறேன் பேர்வழி என்று துடைத்துக்கொண்டும் பையைத் தேடிக்கொண்டும் நேரத்தைக் கடத்துவாராம். இரண்டு வருஷத்தில், போன சனிக்கிழமையைத் தவிர, அவர் தன் அக்கா படுத்துக் கிடந்ததை ஒரு நாளும் பார்த்ததில்லை.

“நான் அத பாக்கக்கூடாதுமா. அவ என்னை தூக்கி வளத்தவ” என்றார்.

நான் அழுதுவிட்டேன். பாடம் எடுக்கக் கிளம்பியவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லையே என்று அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டே, வேறு சொல்லத் தெரியாமல், “இந்த பாழாப்போன ஹாரனு மட்டும் பஸ்ல இருந்தா தேவலயே மாமா” என்றேன். யோசனையாகச் சொன்னதில்லை, புலம்பலாகத்தான் சொன்னேன்.

மாமா ஹாரனைப் பார்த்தார். குழாய்ப் பார்வைதான், ஆனால் நேரே இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வெகுநேரம் பார்த்தார். பிறகு, “உள்ள அந்த பழைய பீரோவுக்கு கீழ ஸ்பானர் கீது, எடுத்தா” என்றார்.

திருகு துருப்பிடித்திருந்தது. நான் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டேன். அவரே கழற்றினார், என்னைத் தொடவிடவில்லை. கழற்றி முடித்ததும் ஹாரனை வேட்டியில் துடைத்துப் பைக்குள் வைத்தார். அப்புறம் ஸ்கூட்டரைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தி, அதன் மேல் பழைய சாக்கை இழுத்துப் போட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்சம் நின்றார். நான் உள்ளே போய் காப்பி கலந்தேன்.

அன்றைக்கும் நான் கூடப் போனேன். அதே பஸ், அதே கண்டக்டர். ஜன்னலோர சீட். ரைஸ் மில் கண்ணில் பட்டதும் மாமா பையிலிருந்து ஹாரனை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே முழங்கை வரைக்கும் நீட்டி ஒரு அமுக்கு அமுக்கினார். பாம்-ஈ. டிரைவர் தன் பஸ்ஸின் இடுப்பிலேயே ஒரு ரிக்‌ஷா வந்து ஒட்டிக்கொண்டதாக நினைத்துப் பிரேக்கை மிதித்தார். நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பாம்-ஈ. இரண்டாவது தடவையும் அடித்துவிட்டுத்தான் கையை உள்ளே இழுத்தார்.

“இன்னா பெரியவரே இது? பஸ்ஸுக்குள்ள ஹாரனு அடிக்கறீங்க?” என்றார் கண்டக்டர்.

“உள்ள எங்கப்பா அடிச்சேன்? வெளியதான அடிச்சேன்.”

நான் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில்தான் ஆரம்பித்தேன், முடிக்கும்போது குரல் அப்படி இல்லை. டிரைவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். “அடுத்த வாட்டி முன்கூட்டியே சொல்லுங்கம்மா. ஸ்லோ பண்றேன்” என்றார்.

ஸ்டாப்பில் இறங்கியதும் நான் அவசரமாக நடந்தேன். மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “மெதுவா வா. தல வார நேரம் வேணும்ல” என்றார். நூறடியை நாங்கள் அவ்வளவு நேரம் நடந்தோம். ஒரு புளியங்காயைக்கூடக் குனிந்து எடுத்துப் பார்த்தார்.

பெரியத்தை உட்கார்ந்திருந்தார். தலை வழவழவென்று வாரி முடிந்திருந்தது. தோளில் அரக்குப் பட்டு. போன வாரம் என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல, “வாடா. வண்டி சத்தமே கேக்கலியே, ஹாரனுதான் கேட்டுது” என்றார்.

“பெரிய வண்டி வாங்கிட்டேன்க்கா. டிரைவரு, கண்டக்டரு எல்லாம் வெச்சிருக்கேன்” என்றார் மாமா.

பெரியத்தை சிரித்த சிரிப்பில் வாயின் ஒரு பக்கம்தான் அசைந்தது. அந்த ஒரு பக்கமே அந்த அறைக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு மாமா தனியாகவே போக ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு ஓடுவது மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அந்தக் கண்டக்டரே வேப்பமரத்தடியைப் பார்த்து, “பெரியவரே, ஹாரனு எடுத்துகினீங்களா?” என்று கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார். ரைஸ் மில் வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைப்பார். புதிதாக ஏறியவர்கள் முழிப்பார்கள், பழகியவர்கள் ஜன்னலை விட்டு நகர்ந்து கொடுப்பார்கள். சாக்குக்குக் கீழே கிடந்த ஸ்கூட்டரை மறு வருஷம் ஒரு மெக்கானிக் வந்து எடுத்துக்கொண்டு போனார். ஹாரன் எங்கே என்று கேட்டார். அது வண்டியோடது இல்லை என்று மாமா சொல்லிவிட்டார்.

ஒரு மழைக்காலத்தில் மாமாவுக்கு நல்ல காய்ச்சல். சனிக்கிழமைக் காலையில் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கஞ்சி கொண்டுபோனேன். வேண்டாம் என்று தள்ளினார். தலைமாட்டிலிருந்த பையை என் பக்கம் நகர்த்தினார்.

“நீ போயிட்டு வா. முனையில ரெண்டு தடவ அடி.”

“நீங்க வராதப்ப ஹாரனு எதுக்கு மாமா? ஏமாந்துடுவாங்களே.”

“ஏமாந்தா ஏமாறட்டும். எழுந்து குந்துவா இல்ல?”

போனேன். பஸ்ஸில் என் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்கள் நாலு பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்று ஜன்னலில் கையை விட்டு இரண்டு தடவை அமுக்கினேன். நூறடியையும் அவர் நடப்பதுபோல மெதுவாக நடந்தேன்.

பெரியத்தை தலை வாரி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை. பிறகு என் கையிலிருந்த ஹாரனைப் பார்த்தார். “மாமாவுக்கு காய்ச்சல் பெரியத்தை, பயப்பட ஒண்ணுமில்ல” என்றேன். எதற்காக மாமா அடிக்கச் சொன்னார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

என்னை உட்காரச் சொன்னார், சாப்பிடச் சொன்னார், தானும் சாப்பிட்டார். கிளம்பும்போது நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“குந்திகினுதான் இருந்தாள்னு சொல்லு அவன்கிட்ட. தல வாரிகினு குந்திகினு இருந்தாள்னு சொல்லு.”

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இன்னா பொடவ போத்திகினு இருந்தா?”

“அரக்குதான் மாமா.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, காலையில் வேண்டாம் என்று தள்ளிய கஞ்சியைச் சூடு பண்ணி எடுத்துவரச் சொன்னார்.